சைடுலோடிங்: சொல் விளக்கம்

கைபேசியின் இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் நடத்தும் செயலிக் கடையின் வழியாக அல்லாமல், வேறு வழியில் பெற்ற செயலியை அக்கைபேசியில் நிறுவுவதை இன்று சைடுலோடிங் என்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு வலைத்தளத்திலிருந்தோ வாட்ஸ்அப் வழியாகவோ வந்த, ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பைத் திறந்து நிறுவுவது இதற்கு நாம் நாள்தோறும் காணும் எடுத்துக்காட்டு. சொல் புதிதாகத் தோன்றினாலும் அதற்குக் கால் நூற்றாண்டு வயதாகிறது. அதற்குள் அது மூன்று வெவ்வேறு பொருள்களைத் தாங்கிவிட்டது. மூன்றாவது பொருளில் வழக்கும் தீர்ப்பும்கூட உண்டு. ஆகவே அதற்கான தமிழை முடிவு செய்யுமுன், எந்தப் பொருளுக்கான தமிழைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சொல்லின் பின்பாதியான ‘லோடு’ வடசென்னைக்காரர்களுக்கு அகராதி தேவைப்படாத சொல். துறைமுக வாயிலிலிருந்து எண்ணூர் வரை வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளிலும் மண்ணடியின் இரும்புக் கடைகளிலும் ‘லோடு ஏத்தியாச்சா’, ‘லோடு இறக்கணும்’ என்பதே பேச்சு. அந்த வேலையைச் செய்பவர் லோடுமேன். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சுமை என்ற பொருள் பிற்பாடு வந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலமான ‘லாட்’ வழி, பயணம், கொண்டுசெல்லுதல் ஆகியவற்றைக் குறித்தது. வழிகாட்டுதலைக் குறிக்கும் ‘லீட்’ என்ற வினையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வழியைக் குறித்த சொல், வழியில் கொண்டுசெல்லப்படும் பாரத்தைக் குறிக்கத் தொடங்கி, இறுதியில் பாரம் மட்டுமே நிலைத்தது.

கணினித் துறை இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது மேல், கீழ் என்னும் இரு திசைகளை அதனுடன் சேர்த்தது. வழங்கி (சர்வர்) மேலே இருப்பதாகவும் நம் கணினி கீழே இருப்பதாகவும் ஒரு கற்பனை; அங்கிருந்து வருவது டவுன்லோடு, இங்கிருந்து போவது அப்லோடு. தமிழ் இதைப் பதிவிறக்கம், பதிவேற்றம் என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுமதி, இறக்குமதி என்ற இணை முன்பே பழகியிருந்ததால் இந்தச் சொற்கள் சிரமமின்றி ஒட்டிக்கொண்டன. மேலும் கீழும் தீர்ந்தபின் எஞ்சியது பக்கம்.

1990களின் இறுதியில் ஐ-டிரைவ் என்ற இணையச் சேமிப்பகச் சேவை இந்த மூன்றாம் திசைக்குப் பெயரிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலம் அது. ஒரு பாட்டுக் கோப்பு இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். எனவே, ஒரு தளத்திலுள்ள கோப்பைப் பயனர் தம் கணினிக்கு இறக்காமல், தமக்கென இணையத்திலேயே ஒதுக்கப்பட்ட சேமிப்பிடத்துக்கு நேராக மாற்றிக்கொள்ளும் வசதியை அந்நிறுவனம் அளித்து, அதற்கு ‘சைடுலோடு’ என்று பெயர் வைத்து, 2000ஆம் ஆண்டில் அப்பெயருக்கு வணிகக்குறியும் கோரியது. மேலிருந்து மேலுக்கே நகர்வதால் அது பக்கவாட்டு நகர்வு. முதற்பொருளில் இந்தப் பெயர் மிகப் பொருத்தமானது என்றே சொல்ல வேண்டும்.

சேவை போனபின்னும் பெயர் மிஞ்சியது. 2000களில் எம்பி3 கருவிகளும் நினைவக அட்டை செருகும் கைபேசிகளும் பெருகியபோது, இணையத்தின் தலையீடின்றி அருகருகே உள்ள இரு கருவிகளுக்கிடையே கோப்பை மாற்றுவதை இச்சொல் குறிக்கலாயிற்று. இந்த இரண்டாம் பொருளைச் சென்னைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரிலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையைச் சுற்றிய சிறு கைபேசிக் கடைகளிலும் அன்று நடந்தது இதுவே. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்து, ‘பாட்டு ஏத்திக் குடுண்ணா’ என்றால், கடைக்காரர் அதைக் கார்டு ரீடரில் செருகி, புதுப்படம், பழையது, கானா, பக்தி என்று பிரித்து வைத்திருக்கும் கோப்புறைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்பார். கேட்டால் ஜாவா விளையாட்டும் ஏறும். ஆங்கிலம் பக்கத்தைச் சொன்ன இடத்தில் நம் பேச்சு ‘ஏத்து’ என்ற ஒற்றை வினையோடு நிறுத்திக்கொண்டது. அதில் மேலுமில்லை, கீழுமில்லை, பக்கமுமில்லை.

நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளக் கைபேசிகளிலோ வாயிற்காவல் அப்போதே வந்துவிட்டது. நிறுவும் கோப்புக்குச் சான்றொப்பம் தேவைப்பட்டது. அதன் காலம் முடிந்திருந்தால் கைபேசி நிறுவ மறுக்கும். கைபேசியின் தேதியை ஓரிரு ஆண்டு பின்னால் தள்ளி வைத்து, நிறுவி முடித்ததும் மீண்டும் இன்றைய தேதிக்குக் கொண்டுவரும் உத்தியை அன்றைய கடைப்பையன்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

மூன்றாம் பொருள் செயலிக் கடைகளோடு பிறந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறந்தது. அதே ஆண்டு இறுதியில் ஆண்ட்ராய்டும் தன் கடையோடு வந்தது. ஐபோனில் அன்று கடை ஒன்றே வழி. ஆண்ட்ராய்டிலோ ‘அறியாத மூலங்கள்’ என்று பொருள்படும் ஓர் அமைப்பைப் பயனரே இயக்கிக்கொண்டு எந்த ஏபிகேயையும் நிறுவலாம். 2010இல் அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனம் தான் விற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்த அமைப்பையே நீக்கி விற்றது. அந்தத் தடையும் அதைத் தாண்டும் வழிகளும் பேசப்பட்ட அக்காலத்தில், சைடுலோடிங் என்றால் கடைக்கு வெளியிலிருந்து நிறுவுதல் என்ற பொருள் பரவியது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, ஒரே பொது அனுமதியை நீக்கி, உலாவிக்குத் தனியாக, கோப்பு மேலாளருக்குத் தனியாக என ஒவ்வொரு செயலிக்கும் அனுமதி கேட்கச் செய்தது.

‘அறியாத மூலம்’ என்பதில் அறியாதவர் யார் என்ற கேள்வி எழுகிறது. திருவொற்றியூரில் இருப்பவர் தம் தங்கை மகன் எழுதிய செயலியை நிறுவினாலும் அது அறியாத மூலம்தான். முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் டார்ச் செயலி கடையில் இருந்தால் அறிந்த மூலம். அறிவது கடை, பயன்படுத்துபவர் அல்லர். சைடுலோடிங் என்ற சொல்லிலும் பார்வை இப்படியே அமைந்திருக்கிறது: கடையை நடுவில் நிறுத்தினால்தான் மற்றவை பக்கவாட்டில் போகும்.

இதை ஆப்பிளின் வழக்காறே காட்டிக்கொடுக்கிறது. 2021 அக்டோபரில் அந்நிறுவனம் சைடுலோடிங்கின் ஆபத்துகளைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் லிஸ்பனில் நடந்த மாநாட்டில், அதன் மென்பொருள் தலைவர் கிரெய்க் பெடரிகி, சைடுலோடிங்கை இணையக் குற்றவாளிகளின் உற்ற நண்பன் என்ற பொருளில் சாடினார். ஆனால் அதே ஆப்பிளின் மேக் கணினியில் உருவாக்குநரின் தளத்திலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவுவது அன்றாட நடைமுறை. அதற்குப் பெயர் வெறும் நிறுவல். செய்கை ஒன்றே, பெயர்தான் கருவிக்குக் கருவி மாறுகிறது. கட்டற்ற மென்பொருள்களுக்கான எஃப்-டிராய்டு களஞ்சியத்தினர் 2025 அக்டோபரில் இச்சொல்லையே எதிர்த்து எழுதினார்கள்.

இந்தியாவில் இச்சொல் சட்ட ஆவணத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஆண்ட்ராய்டு தொடர்பான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, உருவாக்குநர்கள் சைடுலோடிங் வழியாகச் செயலிகளை வழங்குவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் ஆணையிட்டது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்து, இந்த ஆணை உள்ளிட்ட நான்கை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிவு வேறு: எண்ணிமச் (டிஜிட்டல்) சந்தைகள் சட்டத்தின் விளைவாக 2024 மார்ச் முதல் அங்குள்ள ஐபோன்களில் பிற செயலிக் கடைகளும் இயங்கலாம்.

இந்த விதிகள் தனி உருவாக்குநரை எங்கே தொடுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். காசிமேட்டில் விசைப்படகு ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்தபின், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து ஆட்களின் பங்கைக் கணக்கிட்டுக் காட்டும் சிறு செயலியை ஓர் இளைஞர் எழுதுகிறார். அதற்கு முப்பது நாற்பது பயனர்கள் கிடைத்தால் மிகுதி. பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால், ஒரு முறைக் கட்டணம் 25 டாலர் செலுத்தி, குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையாளர்களாக வைத்திருந்த பின்னரே செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஆப்பிளிலோ ஆண்டுதோறும் 99 டாலர். கடலுக்குப் போகும் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு பதினான்கு நாள் தொடர் சோதனை என்பது கணினி முன் அமர்ந்து விதி எழுதியவருக்குத் தோன்றியிராது. ஏபிகேயை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதே அவருக்கு எளிது. இதுவரை அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்பட்டதில்லை.

இந்த நிலையை மாற்றும் திட்டத்தைக் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு கருவிகளில், கடைக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலிகளும் அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநருடையவையாக இருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, பின்னர் உலகெங்கும் விரியும் என்பது அறிவிப்பு. எதிர்ப்பு வலுத்ததும், நவம்பரில், எச்சரிக்கைகளைப் புரிந்துகொண்டு துணிபவர்களுக்கு ஒரு தனி வழியும், மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் குறைந்த எண்ணிக்கையிலான கருவிகளுக்கு மட்டும் வழங்கத்தக்க ஒரு கணக்கும் உண்டு என்று தளர்த்திக்கொண்டது.

கூகுள் சொல்லும் காரணம் வெறும் சாக்கு அன்று. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராத ரசீது என்றும் பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறந்து வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் பல ஊர்களில் உண்டு. அப்படி இழந்தவர்கள் முதலில் அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930. எனினும் அது கோப்பை அனுப்பியவரின் குற்றம். நிறுவும் செய்கைக்கே குற்றச்சாயல் பூசிவிட்டால், காசிமேட்டுக் கணக்குச் செயலியும் போலி அழைப்பிதழும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இனித் தமிழ். ‘பக்கவேற்றம்’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ஆனால் இணையத் தமிழில் பக்கம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வலைப்பக்கம். ‘பக்கவேற்றம் தாமதமாகிறது’ என்று எழுதினால், தளம் திறக்க நேரமாகிறது என்றே எவரும் படிப்பார். ‘பின்வாசல் நிறுவல்’, ‘கொல்லைப்புற நிறுவல்’ ஆகியவை அறவே ஆகாதவை: சட்டப்படி செய்யும் ஒன்றைக் களவுபோலக் காட்டுகின்றன என்பது ஒரு குறை, பாதுகாப்புத் துறையில் பின்கதவு என்பது மென்பொருளில் மறைத்து வைத்த நுழைவழியைக் குறிக்கும் தனிச்சொல்லாக இருப்பது மற்றொன்று. ‘புறநிறுவல்’ சுருக்கமானது, ஆயினும் எதற்குப் புறம் என்று கேட்டால் மீண்டும் கடையிடமே வந்து நிற்போம்.

‘கடைசாரா நிறுவல்’ என்பது எனக்கு முதலில் பிடித்திருந்தது. செய்கையை இழிவுபடுத்தாமல், இல்லாதது எது என்பதை மட்டும் சொல்கிறது. எஃப்-டிராய்டை வைத்துச் சோதித்தால் அதுவும் நிற்கவில்லை. எஃப்-டிராய்டும் ஒருவகையில் கடைதான், காசு வாங்காத கடை. அதிலிருந்து நிறுவுவதையும் ஆங்கிலம் சைடுலோடிங் என்றே சொல்லிவிடுகிறது. உண்மையில் ஆங்கிலச் சொல் இரண்டு தனிச் செய்கைகளை ஒரு மூட்டையாகக் கட்டுகிறது: உருவாக்குநரிடமிருந்து கோப்பைப் பெற்று நாமே நிறுவுவது ஒன்று, வேறொரு கடையின் வழியாக நிறுவுவது மற்றொன்று. போட்டி ஆணையமே இவ்விரண்டுக்கும் தனித்தனி ஆணை இட்டது. அந்த மூட்டையைத் தமிழும் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே முதலாவதை நேரடி நிறுவல் என்றும், இரண்டாவதை மாற்றுக்கடை நிறுவல் என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. நேரடிக் கொள்முதல், நேரடி விற்பனை என்று இடைத்தரகர் இல்லாத வணிகத்தை நாம் குறிக்கும் அதே அடைமொழி இங்கும் பொருந்துகிறது. வினையாக ‘நேரடியாக நிறுவு’ என எழுதலாம். அவ்வாறு நிறுவியது நேரடிச் செயலி. நினைவக அட்டைக் காலத்து இரண்டாம் பொருளுக்கு ‘ஏற்றுதல்’ போதும். மீட்பு நிலையில் (ரிகவரி மோடு) இருக்கும் ஆண்ட்ராய்டு கருவிக்குக் கணினியிலிருந்து புதுப்பிப்பை அனுப்பும் ‘ஏடிபி சைடுலோடு’ கட்டளையையும் கட்டளைப் பெயராக அப்படியே விட்டு, விளக்கத்தில் ஏற்றுதல் என்றே எழுதலாம். பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ நிறுவுவதைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் கடைவழி நிறுவல் என்க. பிரித்துக் காட்டத் தேவையில்லாத இடத்தில் இவை எல்லாமே நிறுவல்தான். இவ்வழக்கின்படி, தீர்ப்பாயம் நீக்கிய அந்த ஆணையின் சாரத்தைத் தமிழில் எழுதினால் இவ்வாறு அமையும்: உருவாக்குநர்கள் தம் செயலிகளை நேரடி நிறுவலுக்கு வழங்குவதைக் கூகுள் எவ்வகையிலும் கட்டுப்படுத்தலாகாது.