என்பிடெல் சான்றிதழ் வாங்கினால் மட்டும் கிரெடிட் ஏறாது

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடத்தை, உதாரணமாக ஐஐடி-கள் நடத்தும் என்பிடெல் பாடத்தை, முடித்துத் தேறினால், அதை டிகிரிக்கான கிரெடிட்டாக (பாடப் புள்ளியாக) சேர்த்துக்கொள்ளலாம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை என்று 2016-ல் இருந்த வரம்பை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021-ல் 40 சதவீதமாக உயர்த்தியது. 12 வாரப் படிப்புக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. விதி இவ்வளவுதான், அல்லல் எல்லாம் இதற்குப் பிறகு.

முதல் சிக்கல் அந்த 40 சதவீதமே. அது கல்லூரி அனுமதிக்கக்கூடிய உச்சவரம்பு. நீங்கள் எதை எடுத்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த எலெக்டிவுக்கு (விருப்பப் பாடத்துக்கு) பதிலாக எந்த ஆன்லைன் பாடம் என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் கல்விக்குழு. ஆகவே படிப்பில் சேரும் முன்பே துறைத்தலைவரிடம் கடிதம் கொடுங்கள். பாடத்தின் பெயர், குறியீடு, எத்தனை வாரம், எந்த எலெக்டிவுக்குப் பதில் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். கையெழுத்தும் தேதியும் வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். "சரிப்பா, பண்ணு" என்று வாயால் சொன்னது, ரிசல்ட் வரும்போது துறைத்தலைவர் மாறியிருந்தால் காற்றோடு போச்சு. என்பிடெல் பாடக் குறியீடு செமஸ்டருக்கு செமஸ்டர் மாறும். கல்லூரிப் பட்டியலில் பழைய குறியீடு இருந்தால், இரண்டும் ஒரே பாடம்தான் என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தேர்வுப் பிரிவில் "லிஸ்ட்ல இல்லையே" என்பார்கள், துறையில் "எக்ஸாம் செல்லைக் கேளுங்க" என்பார்கள்.

படிப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. சேர்வது இலவசம், அதற்குக் காசு கேட்கும் இடத்தை விட்டு நகருங்கள். தேர்வுக்குத் தனி விண்ணப்பம், ஒரு என்பிடெல் பாடத்துக்கு 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான், ஆனால் சாதி அல்லது மாற்றுத்திறனாளிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு பதிவேற்றியிருக்க வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் போட்டுவிட்டு, இந்த விண்ணப்பத்தைக் கோட்டைவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் உண்டு. ஸ்வயத்தில் இருப்பதெல்லாம் என்பிடெல் பாடம் அல்ல என்பதையும் கவனியுங்கள். இக்னோ போன்ற மற்ற நிறுவனங்களின் பாடங்களுக்குத் தேர்வை என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நடத்தும்; அதன் விண்ணப்பம், கட்டணம், தேதி எல்லாமே வேறு.

என்பிடெல் மதிப்பெண் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். நான்கு வாரம் விட்டாலும் பாதகமில்லை, ஐந்தாவது விட்டால் பூஜ்யம் உள்ளே வரும். மொத்தம் 40 வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 25-க்கு 10, 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். டெலிகிராமில் விடை பார்த்துப் போட்டு அசைன்மென்ட்டில் 24 வாங்கிய ஒருவர், தேர்வில் நூற்றுக்கு 39 எடுக்கிறார் என்று வையுங்கள். 39 என்பது 75-க்கு 29.25 ஆகிறது. மொத்தம் 53.25. சான்றிதழ் கிடையாது.

அடுத்தது நம்ம ஊர் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், கல்லூரி ஐடியில் முன்னால், ஸ்வயம் ப்ரொஃபைலில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். கிரெடிட் போய்ச் சேர வேண்டிய ஏபிசி (கிரெடிட் வங்கி) கணக்கு, அதாவது அபார் ஐடி, ஆதார் பெயரைப் பார்க்கிறது. தேர்வு விண்ணப்பத்தை அனுப்பும் முன் மூன்றையும் ஒன்றாக்குங்கள். சான்றிதழ் வெளியான பிறகு பெயரைத் திருத்தித் தர மாட்டார்கள். கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதும் நிதானம் வேண்டும். ஒரே அறக்கட்டளை கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரி நடத்தும் ஊர் இது. தப்பான கல்லூரியைச் சொடுக்கினால் உங்கள் கல்லூரியின் என்பிடெல் பொறுப்பாளர் பார்க்கும் பட்டியலில் உங்கள் பெயரே வராது.

தேர்வு நேரில்தான். சென்னை மையங்கள் சீக்கிரம் நிரம்பும், கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, அசல் அடையாள அட்டையோடு போங்கள். செல்போனில் இருக்கும் ஃபோட்டோ செல்லாது.

கடைசி செமஸ்டரில் மட்டும் இந்த வழியை நம்பி இறங்காதீர்கள். ஆன்லைன் ரிசல்ட் கல்லூரி ரிசல்ட்டோடு சேர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேலைக்குச் சேரும் தேதி மட்டும் யாருக்காகவும் நிற்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வரி: 8 வாரப் படிப்பை ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒரு எஃப்டிபி-யாக (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக) கணக்கிடுகிறது, தேர்வு விண்ணப்பத்தில் ஆசிரியர் என்றே பதியுங்கள்.

முன் அனுமதி கையில் இருந்தும் கிரெடிட் ஏற்ற மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். உங்கள் கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினால் அதுவே ஆதாரம். அதை வைத்துக் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவில் மனு கொடுங்கள். யுஜிசியின் 2023 விதிப்படி 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதற்கும் அசையாவிட்டால் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேட்பு அதிகாரியிடம்) மேல்முறையீடு, கூடவே யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார். இரண்டிலும் அந்த முதல் கடிதத்தின் நகலை இணையுங்கள்.