பிளாக் காமெடின்னா என்ன, அதுக்குத் தமிழ்ல சரியான சொல் எது?

நேத்து ராத்திரி ஒரு சின்ன பட்ஜெட் படம் பார்த்தேன், போஸ்டர்லயே பெருசா பிளாக் காமெடின்னு போட்டிருந்தாங்க. ஒரே வீடு, நாலு பேரு, நடுவுல ஒரு பிணம், விடியறதுக்குள்ள அதை எங்கயாவது கொண்டுபோய் போட்டாகணும், அவ்ளோதான் கதை. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா படம் ஏமாத்திருச்சு. பார்த்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்தா ஒருத்தர் "சிரிப்பே வரல, செம மொக்கை"ங்கிறாரு, இன்னொருத்தர் "இது பிளாக் காமெடி ப்ரோ, உங்களுக்குப் புரியல"ங்கிறாரு, மூணாவது ஆளு "லோ பட்ஜெட்ல இவ்ளோதான் முடியும், விடுங்க"ன்னு முடிச்சிட்டாரு. மூணு பேரும் ஒரே சொல்ல வச்சுக்கிட்டு மூணு வேற விஷயம் பேசுறாங்க. அந்தச் சொல்லுக்கு உண்மையில என்ன அர்த்தம்னு தெரிஞ்சா இந்தச் சண்டையில பாதி தீர்ந்துடும்.

சாவு, கொலை, நோய், போர், பசி இந்த மாதிரி சிரிக்கவே கூடாதுன்னு நாம நினைக்கிற விஷயத்துல இருந்து சிரிப்பு வந்தா அது பிளாக் காமெடி. பிணம் இருக்கிற படத்துல நடுநடுவுல ஜோக் வர்றது பிளாக் காமெடி ஆகாது, இங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. எது நம்மள கலங்க வைக்குதோ அதுவே சிரிக்கவும் வைக்கணும், சிரிச்ச அடுத்த நொடி "அய்யோ, இதுக்கா சிரிச்சோம்"னு உள்ள ஒரு உறுத்தல் வரணும், அந்த உறுத்தல் இல்லேன்னா அது சாதா காமெடிதான்.

சொல் வந்த கதைக்கு வருவோம். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இந்த வகை எழுத்தையெல்லாம் ஒண்ணா திரட்டி ஒரு தொகுப்பு போட்டாரு, அதுக்கு அவர் வச்ச பேருதான் 'ஹியூமர் நுவார்', நுவார்னா கறுப்பு. 1940ல அச்சாச்சு, அப்ப பிரான்ஸ்ல ஜெர்மனிக்கு அடங்கி நடந்த விஷி அரசு அதைத் தடை பண்ணிடுச்சு. அதுல அவரு இந்த வகைக்கு மூலவரா கைகாட்டினது எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட்ட. அயர்லாந்துல ஏழைங்க பசியில கிடந்த காலத்துல, 1729ல, ஸ்விஃப்ட் ஒரு சின்ன கிண்டல் பிரசுரம் எழுதினாரு, ஏழைங்க தங்களோட ஒரு வயசுக் குழந்தைங்கள பணக்காரங்களுக்குச் சாப்பாடா வித்துட்டா நாட்டுல வறுமை தீரும்னு. எத்தனை குழந்தை, என்ன விலை, எப்படிச் சமைக்கலாம்னு ஒரு கணக்குப்பிள்ளை பேசற தொனியிலயே கடைசி வரைக்கும் போகும், எந்த இடத்துலயும் குரல் உயராது, அந்த நிதானம்தான் படிக்கிறவன் வயித்தப் பிசையும்.

இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு சொல் ஜெர்மன்ல இருக்கு, 'கால்கென்ஹூமோர்', அதாவது தூக்குமர நகைச்சுவை. உளவியல் அறிஞர் ஃபிராய்ட் 1905ல எழுதின புத்தகத்துல இதுக்கு ஒரு உதாரணம் வரும், திங்கக்கிழமை காலையில தூக்கு போட கூட்டிட்டுப் போற கைதி "ஆஹா, இந்த வாரம் நல்லா ஆரம்பிக்குது"ன்னானாம். சாகப்போறவனே தன் சாவப் பார்த்துச் சிரிச்சா அது தூக்குமரம், வெளிய இருந்து பார்க்கிற நாமளும் சேர்ந்து சிக்கிக்கிட்டா அது பிளாக்னு நான் பிரிச்சு வச்சுப்பேன்.

இப்ப தமிழ். கறுப்பு நகைச்சுவைன்னு அப்படியே மாத்தி எழுதறவங்க உண்டு, எனக்கு அது ஒட்டல. தொல்காப்பியம் "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள"ங்குது, அதாவது நம்ம பழைய வழக்குல கறுத்தான்னா கோவப்பட்டான்னு அர்த்தம், சாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதைவிட முக்கியம், தோல் நிறத்த வச்சுக் கிண்டல் பண்றத காமெடின்னு நாம ரொம்ப காலமா பார்த்துட்டு வந்திருக்கோம், அப்படி இருக்கும்போது கறுப்பு நகைச்சுவைன்னு படிச்சா மொத அர்த்தம் அதுதான் மனசுல வரும், வேணவே வேணாம். இருண்ட நகைச்சுவைன்னும் சொல்றாங்க, தப்பில்ல, ஆனா எது இருண்டதுன்னு அந்தச் சொல் சொல்லல.

அவல நகைச்சுவை. இதுதான் சரியான சொல், ஏற்கனவே பலரும் எழுதற சொல்லும்கூட. தொல்காப்பியத்துல எட்டு மெய்ப்பாடு (உடம்புல வெளிப்படற உணர்ச்சி) வரிசை "நகையே அழுகை"ன்னுதான் ஆரம்பிக்குது, சிரிப்பும் அழுகையும் அடுத்தடுத்த வீடு. அந்த அழுகைச் சுவையத்தான் அவலச்சுவைன்னும் சொல்றோம். அழுகை எதுனால வரும்னு கேட்டா இளிவு, இழவு, அசைவு, வறுமைன்னு நாலு சொல்லுது, இளிவு அவமானம், இழவு இழப்பு, அசைவு இருந்த நிலைமையில இருந்து தாழ்ந்து போறது. ஒரு நல்ல அவல நகைச்சுவைப் படத்த எடுத்துப் பாருங்க, இந்த நாலுல ஒண்ணாவது அடியில இருக்கும். பேச்சு வழக்குலயும் இது நமக்குப் புதுசு இல்ல, "எம் பொழப்பு சிரிப்பா சிரிக்குது"ன்னு ஒருத்தர் சொன்னா அதுல எங்க சிரிப்பு இருக்கு? மொத்தமும் வலிதான், ஆனா சொல்ற விதம் சிரிப்பு.

இந்தச் சொல்ல கையில வச்சுக்கிட்டு அந்தப் படத்துக்கு வர்றேன். ஒரு சீன்ல பிணத்தோட சட்டைப் பையில போன் அடிக்குது. நாலு பேரும் உறைஞ்சு நிக்கிறாங்க. ஒருத்தன் நடுங்குற விரலால மெதுவா எடுத்துத் திருப்பிப் பார்க்கிறான், ஸ்கிரீன்ல "அம்மா"ன்னு இருக்கு. எனக்கு நிஜமாவே மூச்சு நின்னுச்சு, சாப்பிட்டியான்னு கேக்கத்தான் கூப்பிடுறாங்கன்னு யாரும் சொல்லாமலே தெரியுது. அந்த இடத்துல கேமராவ அப்படியே ஒரு பத்து செகண்ட் விட்டிருந்தா போதும், போன் அடிச்சு அடிச்சு தானா நின்னிருக்கும், அப்புறம் அவன் அந்தப் போன திரும்ப அதே பையில பத்திரமா வச்சுப் பட்டன போட்டிருந்தா சிரிப்பும் வந்திருக்கும், தொண்டையும் அடைச்சிருக்கும். என்ன பண்ணாங்கன்னா "டொய்ங்"னு ஒரு சவுண்ட் எஃபெக்ட், ஒருத்தன் போன எடுத்து மிமிக்ரி பண்றான், அடுத்த சீன்.

அவலத்த அவங்களே தூக்கிப் போட்டுட்டாங்க, அப்புறம் நகை எங்க இருந்து வரும்? அதனாலதான் "சிரிப்பே வரல"ன்னவர் சொன்னதுல தப்பே இல்ல, அவருக்குப் புரியாம போகல, செத்தவன் ஒரு மனுஷன்னு படம் அவர நம்ப வைக்கல. பட்ஜெட்ட காரணம் சொல்றதையும் என்னால ஏத்துக்க முடியல, அந்தப் பத்து செகண்டுக்குக் காசு ஆகாது, டொய்ங் சத்தத்துக்குத்தான் தனியா வேலை பார்த்திருப்பாங்க.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி படம் பத்திச் சொல்லும்போது வெறுமனே மொக்கைன்னு விடாம இந்தச் சொல்ல ரெண்டா பிரிச்சுச் சொல்லிப் பாருங்க. அவலம் இருக்கு, நகை இல்லன்னா படம் வெறும் சோகம். நகை இருக்கு, அவலம் இல்லன்னா பிணத்த வச்சு ஒரு சாதா காமெடி. நான் பார்த்த படத்துல அந்தப் போன் அடிச்ச சில நொடி மட்டும் ரெண்டும் இருந்துச்சு.