அழற்சியை வீக்கம் என்று எழுதாதீர்கள்

‘மஞ்சள் வீக்கத்தைக் குறைக்கும்’, ‘தூக்கமின்மை உடலில் வீக்கத்தை உண்டாக்கும்’ என்று உடல்நலக் கட்டுரைகளில் வந்துகொண்டே இருக்கிறது. படிப்பவர் தன் கையும் காலும் வீங்கவில்லையே என்று பார்த்துவிட்டு, இது நமக்கில்லை என்று நகர்ந்துவிடுவார். அங்கே சொல்ல வந்தது இன்ஃப்ளமேஷன். தமிழில் அது அழற்சி.

லத்தீனில் ஃப்ளம்மா என்றால் தீச்சுடர். அதிலிருந்து வந்தது ஆங்கிலச் சொல். அழல் என்றாலும் தீதான். ‘அழல்போலும் மாலை’ என்கிறது குறள். சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆனது. அவ்வளவுதான்.

காலில் முள் ஏறியதும் அந்த இடத்துத் திசுவிலிருந்து ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் வெளிப்படுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் இடம் சிவக்கிறது, சுடுகிறது. குழாய்ச் சுவரின் வழியே நீர்மம் கசிவதால் வீங்குகிறது. புராஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு பொருள் நரம்பு முனைகளின் உணர்வைக் கூர்மையாக்குவதால் சின்னத் தொடுதலும் வலிக்கிறது. சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்கத் தொடங்குகின்றன. இத்தனையும் சேர்ந்ததுதான் அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். அந்த நான்கில் ஒன்றைப் பிடித்து முழுமைக்கும் பெயராக வைப்பது எப்படிச் சரியாகும்?

வீக்கம் எளிய சொல், எல்லோருக்கும் புரியும் என்கிறார்கள். புரிகிறதுதான், ஆனால் தவறாகப் புரிகிறது. இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். அது நீர் தேங்கியது, அழற்சி அல்ல. இரைப்பை அழற்சியை ‘இரைப்பை வீக்கம்’ என்று எழுதினால் வயிறு உப்புசம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கல்லீரல் அழற்சியான ஹெபடைடிஸை ‘கல்லீரல் வீக்கம்’ என்றால், கல்லீரல் பெரிதாகிவிடும் நிலைக்கு என்ன பெயர் வைப்பது? அழற்சி இல்லாமலும் கல்லீரல் பெரிதாகும். ரத்தக் குழாய்ச் சுவரில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் அழற்சியோ வெளியே எந்த வீக்கத்தையும் காட்டாது. மாரடைப்புக்கு அதுவும் ஒரு காரணம். ‘நாள்பட்ட வீக்கம்’ என்ற எழுத்து மறைத்துவிடுவது இதைத்தான்.

இன்னொன்று. இன்ஃப்ளேஷனுக்குப் பணவீக்கம் என்கிறோம். அது பொருத்தம், ஏனென்றால் அந்தச் சொல்லின் வேர் காற்றை ஊதுதல். இன்ஃப்ளமேஷனின் வேர் தீ. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டையும் வீங்கவைக்கக் கூடாது.

பழைய மருத்துவ நூல்களில் தாபிதம் என்ற சொல் உண்டு. வெப்பத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. பொருள் சரிதான், ஆனால் அழல் நம்மிடமே இருக்கும்போது அது தேவையில்லை. அழற்சி மக்களுக்கு அந்நியம் என்பதையும் நான் ஏற்கவில்லை. நம் பேச்சிலேயே நெருப்பு இருக்கிறது: புண் காந்துகிறது, வாய் வெந்துபோச்சு, வாய் வேக்காளம். இப்படிப் பேசுகிறவர்களுக்கு அழற்சியை ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

அதேபோல அலர்ஜியையும் சிலர் அழற்சி என்று எழுதுகிறார்கள். அதற்கு ஒவ்வாமை இருக்கிறது. ஒவ்வாமையால் அழற்சி வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கிருமித்தொற்றும் அப்படியே: வெயிலில் தோல் வெந்து சிவந்தால் அது அழற்சிதான், அங்கே தொற்று எதுவும் இல்லை.

அப்புறம் இந்த ‘அழற்சி எதிர்ப்பு மருந்து’. ஆங்கிலத்தில் ஆன்ட்டி என்று கண்டதும் எதிர்ப்பு என்று போட்டுவிடுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து என்றுதானே கடையில் கேட்கிறோம்? ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை புராஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து அழற்சியைத் தணிக்கிறது. அழலுக்குத் தணிதல் இயல்பான வினை. அழற்சி தணிக்கும் மருந்து என்றே எழுதலாம்.