4.9 மில்லிமீட்டரா, 5.1 மில்லிமீட்டரா?

அக்கா மகள் போனை நீட்டினாள். ஆன்லைனில் விற்கும் இரண்டு வட்ட வைரங்கள் திரையில். இரண்டும் 50 சென்ட், அதாவது அரை காரட், 100 மில்லிகிராம். நிறமும் தெளிவும் ஒரே தரம். ஒன்று மட்டும் நன்றாகவே விலை குறைவு.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே மின்னுது சித்தி?"

படத்தை விடு, அளவைப் பார் என்றேன். விலை கூடியதன் விட்டம் 5.1 மில்லிமீட்டர், மலிவானது 4.9. எடை ஒன்றுதான் என்றால் மீதி எங்கே போனது? அடியில் தொந்தி போட்டிருக்கிறது. ஆழம், விட்டத்தில் 67 சதவீதம் என்று அதன் ஆய்வக அறிக்கையிலேயே இருந்தது. நல்ல வட்ட வெட்டில் அது பெரும்பாலும் 60-லிருந்து 62-க்குள் நிற்கும்.

எடையைக் கூட விடுங்கள், ஒளிதான் விஷயம். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே போன ஒளி, ஒரு பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற வழியில்லை, முழுதாகத் திரும்பிவிடும். அடிப்பட்டைகளைச் சுமார் 41 டிகிரியில் தீட்டினால், மேலே நுழைந்த ஒளி இந்தப் பக்கம் ஒரு முட்டு, எதிர்ப்பக்கம் ஒரு முட்டு முட்டிவிட்டு மேல்வழியாகவே கண்ணுக்கு வந்து சேரும். வைர வெட்டை ஆராய்ந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் கணக்குப் போட்டுச் சொன்ன கோணம் 40.75. அதைவிட மூன்று நான்கு டிகிரி ஏறினால், குனிந்து பார்ப்பவரின் தலையையே கல் பிரதிபலிக்கும். நடுப்பகுதி கறுத்துத் தெரியும். ரொம்ப இறங்கினால் மீன் கண் மாதிரி உள்ளே ஒரு வெளிறிய வளையம்.

விற்பவர் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள். ஸ்பாட் லைட்டுக்கு அடியில் எதுவும் மின்னும். வானவில் சிதறுவதில் அமெரிக்கன் டைமண்ட் வைரத்தையே மிஞ்சும், வைரம் போலவே தெரியும் இன்னொரு கல்லான மோய்ஸனைட் அதையும் மிஞ்சும்.

வைரமா என்று தொட்டுச் சோதிக்கும் பேனாக் கருவி இருக்கிறதே என்பார்கள். அது பார்ப்பது வெப்பத்தை. வைரம் செம்பைப் போல ஐந்து மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். அமெரிக்கன் டைமண்ட் இதில் மாட்டிக்கொள்ளும். மோய்ஸனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் தப்பிவிடும். ஆனால் லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் அதன் பின்பட்டைகளின் ஓரங்கள் இரட்டைக் கோடாகத் தெரியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் 'பீப்' அடிக்கத்தான் செய்யும், அதுவும் கரிமம்தானே. இயற்கைக் கற்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கூட்டமாகச் சேர்ந்திருக்கும், வளர்த்ததில் அப்படி இருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகக் கருவி வேண்டும். ஆகவே ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகத்தின் அறிக்கை இல்லாத கல்லை ஆன்லைனில் நான் தொடமாட்டேன். அறிக்கை எண்ணையும் விற்பவர் அனுப்பும் லிங்க்கில் இல்லாமல், ஆய்வகத்தின் தளத்துக்கு நாமே போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கட்டு. நம் பாட்டிமார் தோடுகளைப் போலப் பின்பக்கம் மூடிய கட்டில் பதித்துவிட்டால் ஆழம் தெரியாது, தனியே எடை போடவும் முடியாது. முதலில் கல், பிறகு கட்டு.

அக்கா மகள் 5.1-ஐ வாங்கினாள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்தோம். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, கல்லை இடுக்கியில் மெல்லத் திருப்பினாள். இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண், எறும்பு ஊர்ந்த தடம் போல. ஒவ்வொரு இலக்கமாக அவள் படிக்க, நான் அறிக்கையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.