பெர்மனன்ட் அட்ரஸ்ல என்ன போடறது மேம்?

போன ஜூலை, நாலு நாளா விடாம மழை, கரண்ட் போய்ட்டுப் போய்ட்டு வருது, அப்ப ஒரு ஃபைனல் இயர் பி.காம் பொண்ணு ரெசூம் எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வந்தா. அலைன்மென்ட் மட்டும் சரி பண்ணித் தாங்க மேம்னு. வாங்கிப் பாத்தா எல்லாமே நிரப்பியிருக்கா, ஹாபீஸ்ல கேரம் போர்டுன்னு கூட இருக்கு, பெர்மனன்ட் அட்ரஸ் மட்டும் காலி. டைப் பண்ண மறந்துட்டியாம்மான்னு கேட்டேன். "இல்ல மேம், அங்க என்ன போடறதுன்னே தெரியல"ன்னா.

அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறாங்க. இருக்கறது லைன் வீடு, எஸ்டேட்டோடது. அம்மா ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம், ஆனதும் வீட்ட ஒப்படைச்சாத்தான் செட்டில்மென்ட் பணமே வரும்னு சொல்லியிருக்காங்க, வீட்டுல யாராச்சும் ஒருத்தர் அங்கயே பேர் பதிஞ்சு வேலைக்குப் போனா வீடு தங்கும். அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், திரும்பி வர மாட்டான். மிச்சம் இவதான். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில செலக்ட் ஆகி ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்து கிடக்கு, பதில் போடல. பி.காம் படிச்சுட்டு கொழுந்து பறிக்கப் போறதா, அம்மாவ வீடில்லாம விட்டுட்டு கீழ போறதா, இதான் அவ கொண்டு வந்த விஷயம். கையில இருந்தது என்னவோ ரெசூம்தான்.

நான் ஊட்டில ஒரு காலேஜ்ல கவுன்சிலிங், ப்ளேஸ்மென்ட் ரெண்டையும் சேத்துப் பாக்கறேன். பதினோரு வருஷமாச்சு. நாங்க என்ன பண்றோம்னு இன்னும் நெறைய பேருக்குத் தெரியாது. நம்ம ஊர்ல கவுன்சிலிங்னா சீட்டு, வேற என்ன? ஒரு தடவ ஒரு அப்பா பையனோட ப்ளஸ் டூ மார்க் ஷீட்டோட வந்து உக்காந்து, எந்த கட் ஆஃப் வரைக்கும் முடிஞ்சுது மேடம்னு கேட்டார். அவர் மேல தப்பே இல்ல, போர்டுல 'கவுன்சிலிங் சென்டர்'னு நாங்கதான எழுதி வெச்சிருந்தோம். அதுக்கு முன்னாடி வேலை பாத்த எடத்துல 'மனநல ஆலோசனை மையம்'னு பெரிய எழுத்துல போர்டு, அதுவும் ஆபீஸுக்கு நேர் எதிர்ல. ஃபீஸ் கட்ட க்யூல நிக்கறவங்க கண்ணு முன்னாடிதான் கதவ தொறந்து உள்ள வரணும். ஒரு வருஷத்துல வந்தவங்கள ரெண்டு கையில எண்ணிடலாம். வேற ரூம் குடுங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன், ஒண்ணும் நடக்கல. இப்ப இருக்கற எடத்துல லைப்ரரி பக்கத்துல ரூம், போர்டுல வேலைவாய்ப்பும் ஆலோசனையும்னு ஒண்ணாப் போட்டோம், ரெசூமைக் காரணம் காட்டி வர ஆரம்பிச்சாங்க.

இத வெறும் போர்டு மாத்தற தந்திரம்னு நினைச்சுடாதீங்க. மலைல படிக்கற புள்ளைக்கு வேலைங்கறது மொதல்ல எந்த வேலைங்கற கேள்வி இல்ல, எறங்கறதா வேணாமாங்கறதுதான் கேள்வி. சென்னைல இருக்கற ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தா பஸ் நம்பர் மாறும், அவ்வளவுதான். பந்தலூர்ல இருக்கற பையனுக்கு ஊர், குளிரு, பேச்சு, அம்மா கையால சாப்பாடு எல்லாம் ஒரே நாள்ல மாறுது. படுகர் வீட்டுப் பசங்களுக்கு வேற ஒரு கணக்கு, ஹட்டில, அதாவது அவங்க ஊர்ல, ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கும், இலை விலை எறங்கினா அப்பா முகம் எறங்கும், அத விட்டுட்டுப் போகவும் முடியாது, நம்பி இருக்கவும் முடியாது. அதனால கரியர் கைடன்ஸ் ஒரு ரூம்ல, மனசு விஷயம் இன்னொரு ரூம்லன்னு பிரிச்சு வெச்சா ரெண்டு ரூமும் பாதி வேலைதான் பாக்கும்.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல ஒரு கெமிஸ்ட்ரி பையனுக்கு ஓசூர்ல நல்ல கம்பெனில வேலை, சம்பளம், ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் உண்டு, அவன் தயங்கினான், நான் பயம் போயிரும் போடான்னு அனுப்பி வெச்சுட்டேன். மூணு வாரத்துல திரும்பி வந்துட்டான். அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவ அடிக்கறப்ப நடுவுல நிக்கறது அவன்தான், அவன் போனப்புறம் நிக்க ஆள் இல்ல. நான் கேக்கவே இல்லையே. தயக்கம்னா இன்டர்வ்யூ பயம்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். அந்த வருஷ ப்ளேஸ்மென்ட் லிஸ்ட்ல அவன் பேரு இன்னும் 'ப்ளேஸ்டு'ன்னுதான் இருக்கு.

இன்னொரு விஷயம், இங்க பெத்தவங்க கவர்மென்ட் வேலைன்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க, அத கிண்டல் பண்றதுக்கு முன்னாடி எச்.பி.எஃப். கதைய யோசிக்கணும். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967ல உற்பத்திய ஆரம்பிச்ச மத்திய அரசு கம்பெனி, ஊட்டில இருக்கற இந்து நகரே அதால வந்த பேரு, அங்க வேலை கிடைச்சா ஆயுசுக்கும் கவலை இல்லன்னு இருந்தவங்க அந்த ஃபேக்டரி மூடறத கண்ணால பாத்தாங்க. பாதுகாப்பு வேணும்னு அவங்க சொல்றது அந்த அனுபவத்துலேர்ந்து வர்றது. அதே சமயம் குரூப் ஃபோர் எழுதறேன்னு அஞ்சு வருஷம் ரூம்ல உக்காந்து பேசவே மறந்துபோன பசங்களையும் பாத்திருக்கேன். படிக்கறதா இருந்தா மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தறாங்க, ஃப்ரீ கோச்சிங், அங்க போய் நாலு பேரோட உக்காந்து படிங்கன்னு சொல்லுவேன். நான் முதல்வன் திட்டம் 2022ல வந்ததுலேர்ந்து கோர்ஸுக்குப் பஞ்சமில்ல, ஆனா இன்டர்வ்யூ காலைல ஒம்பது மணிக்கு கோயம்புத்தூர்லன்னா கூடலூர் பொண்ணு முந்தின நாளே கெளம்பணும், எங்க தங்கறதுன்னு அந்த மெயில்ல யாரும் எழுதறதில்ல.

உள்ள என்ன நடக்கும்னு பயப்படறவங்களுக்காக சொல்றேன். முக்கா மணி நேரம் பேசுவோம், நான் எழுதறது என் பீரோல பூட்டி இருக்கும், ஹெச்.ஓ.டி கேட்டாலும் காட்ட மாட்டேன், அம்மா கேட்டாலும் உங்க அனுமதி இல்லாம சொல்ல மாட்டேன். உசுருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் இன்னொருத்தருக்கு சொல்லியே ஆகணும், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். ஃபர்ஸ்ட் இயர்ல பாதிப் பேருக்கு 18 ஆகியிருக்காது, அந்த வயசுல பாலியல் தொந்தரவு நடந்திருந்தா போக்சோ சட்டப்படி புகார் குடுக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கு, அத மொத நாளே சொல்லிடுவேன். தற்கொலை முயற்சி பண்ணினா போலீஸ் கேஸ் ஆகுமான்னு இன்னும் பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம மறைக்கறாங்க, 2017 மனநலச் சட்டம் அவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. மருந்து தேவைப்பட்டா நான் குடுக்க முடியாது, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, மொத தடவ கூட வரணும்னா வருவேன்.

100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற எடத்துல தகுதியான கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும்னு 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. நல்லது. ஆனா அது ஸ்டூடன்ட்ஸ பத்தி. ஸ்டாஃப பத்தி யாரும் பேசறதில்ல. கௌரவ விரிவுரையாளர்னு பேர்ல மட்டும் கௌரவம், வருஷத்துல 11 மாசம்தான் சம்பளம், மே மாசம் ஊரே சீசன்ல பிசியா இருக்கறப்ப பி.எச்டி முடிச்ச ஒருத்தர் தெரிஞ்சவங்க காட்டேஜ்ல ரிசப்ஷன்ல உக்காந்திருப்பார், அவரோட ஸ்டூடன்டே ரூம் கேட்டு வந்து நின்னா எப்படி இருக்கும்? இவங்க என் ரூமுக்கு வர மாட்டாங்க, புள்ளைங்க பாத்துருவாங்கன்னு. சாயங்காலம் சேரிங் கிராஸ்ல டீக்கடைல "சும்மா ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன் மேடம்"னு ஆரம்பிப்பாங்க. சரி, அந்த ஃப்ரெண்டுக்கு தூக்கம் எப்படி சார் வருதுன்னு கேப்பேன். அப்படித்தான் ஸ்டாஃபுக்குன்னு சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் காலியானப்புறம் நேரம் ஒதுக்கினோம், மொதல்ல வந்தது யாரு தெரியுமா, வாட்ச்மேன் அண்ணன்.

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். பேஷன் என்ன, ஸ்ட்ரெங்த் என்னன்னு டெஸ்ட் எல்லாம் வெக்கல. அடுத்த வாரம் அம்மாவ கூட்டிட்டு வரச் சொன்னேன், அவங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு, பி.எஃப் பேப்பர், பழைய சம்பளச் சீட்டு எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடைக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்தாங்க. 28 வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு 15 நாள் கூலி வீதம் கிராஜுவிட்டி, 420 நாள் கூலிம்மான்னு பேப்பர்ல போட்டுக் காட்டினேன், பி.எஃப் தனி. "இவ்ளோ வருமா"ன்னு அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. வீடு வாங்கற பணம் இல்ல அது, ஆனா கோத்தகிரில ஒரு சின்ன வீட்ட லீசுக்கு எடுக்கலாமான்னு பேசற அளவுக்கு வந்தது. பொண்ணு பேசாம இருந்தா, அப்புறம் "அம்மா, உனக்கு இங்கதான் இருக்கணுமா"ன்னு கேட்டா. அந்தக் கேள்விய வீட்டுல யாரும் அது வரைக்கும் கேட்டதே இல்லையாம். அம்மா பதில் சொல்லல, கவர மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டு இருந்தாங்க.

கோயம்புத்தூர் வேலைக்கு அவ போகல, அந்த தேதி தாண்டிடுச்சு. இப்ப ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு எழுதறா, சம்பளம் கம்மி, டேலி கத்துக்கறா, முடிவு இன்னும் எடுக்கல. சரியா தப்பான்னு எனக்கும் தெரியாது.

என் ரூமுக்கு வர முடியாதவங்களுக்கு 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி ஃபோன் நம்பர், எந்நேரமும் இருக்கும், காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். அதுல எங்க ஊருக்குன்னு ஒரு சிக்கல். நெறைய எடத்துல சிக்னல் கிடைக்கறது பஸ் ஸ்டாப்ல மட்டும்தான், ஊரே நிக்கற எடத்துல நின்னுக்கிட்டு யாரு அழுது பேசுவா? அதனால எங்க பசங்களுக்கு நான் சொல்றது, லைப்ரரி பக்கத்து ரூம் சாவி ஆபீஸ்ல இருக்கு, நான் இல்லாத நாள்லயும் போய் "ப்ளேஸ்மென்ட் ஃபார்ம் நிரப்பணும்"னு சொல்லி வாங்கிக்கோங்க, உள்ள சிக்னல் நல்லா கிடைக்கும், கதவ சாத்திக்கிட்டு பேசுங்க.