நேர்மறை: எதை மறைக்கச் சொல்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்தால் பின்கட்டில் கோப்பி ஊற்றுவார்கள். போன மாதம் அங்கே என் பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். கணவருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். இளைஞர் குழுவில் இருக்கும் பிள்ளை ஒன்று அவர் கையைப் பிடித்து, “ஆண்ட்டி, நேர்மறை மனப்பான்மையோட இருங்க, கர்த்தர் பார்த்துக்குவார்” என்றது. நல்ல பிள்ளை, மனசில் கள்ளமில்லை. அது நகர்ந்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “அண்ணே, என்னமோ மறை மறைன்னுச்சே, எதை மறைக்கச் சொல்லுது?” என்று கேட்டார்.

அன்று என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நேர்மறை மனப்பான்மை என்பது ஆங்கில ‘பாசிட்டிவ் அட்டிட்யூட்’டின் மொழிபெயர்ப்பு. அதில் ‘அட்டிட்யூட்’ முதலில் மனதைப் பற்றிய சொல்லே இல்லை. ஓவியத்திலும் சிற்பத்திலும் ஓர் உருவம் நிற்கும் நிலையை இத்தாலியர்கள் அப்படிச் சொன்னார்கள். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. உடம்பு நிற்கும் நிலை பிற்பாடு மனம் நிற்கும் நிலையாயிற்று. ‘பாசிட்டிவ்’ என்பது ‘வைத்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டும் கைகோத்துப் பிரசங்க மேடை ஏறியதற்கு, 1952இல் நியூயார்க் போதகர் ஒருவர் வெளியிட்ட புத்தகம் பெரிய காரணம். பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

மனப்பான்மை என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. பான்மை என்றால் தன்மை, இயல்பு. என்ன, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘அடிமை மனப்பான்மை’ என்றே கேட்டுப் பழகியதால் அது ஒரு வியாதியின் பெயர் மாதிரி ஒலிக்கிறது. சண்டையெல்லாம் அதன் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நேர்மறையோடுதான்.

எதிர்மறை பழைய இலக்கணச் சொல். ‘ஓடாக் குதிரை’ என்பதற்கு ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்று மனப்பாடம் செய்து பயந்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே மறை என்பது ஒளிப்பதும் இல்லை, வேதமும் இல்லை. ‘மறு’ என்ற வினையிலிருந்து பிறந்தது. மறுப்பு என்று பொருள். தொல்காப்பியம் ‘எதிர்மறுத்து மொழியினும்’ என்று இதைத்தான் சொல்கிறது. அதற்கு ஜோடிச் சொல்லும் இலக்கணத்திலேயே இருக்கிறது: உடன்பாடு. வருவான் என்பது உடன்பாடு, வாரான் என்பது எதிர்மறை.

யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்த ஜோடியைத் தேடவில்லை. எதிர்மறையை இரண்டாக உடைத்தார், ‘எதிர்’ என்பதை எடுத்துவிட்டு ‘நேர்’ என்று மாட்டினார், வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார். மறுப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இலக்கணப்படி நேர்மறை என்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது! பாகற்காய்க்கு ‘இனிப்புக் கசப்புக்காய்’ என்று பெயர் வைத்த கதைதான். இயற்பியல்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யவில்லை. நேர்மின், எதிர்மின் என்று மறையைத் தொடாமல் முடித்துக்கொண்டார்கள். கோவிட் காலத்தில் ‘தொற்று உறுதி’ என்று எழுதிய பத்திரிகைக்காரர்களையும் பாராட்ட வேண்டும். சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார்கள். அதையும் நேர்மறை என்று எழுதியிருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள்.

தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், “வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்” என்கிறார். எந்த வழக்கில்? இருட்டோடு எழுந்து தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய், ரப்பர் பால்மரம் வெட்டி, பால் பிடிக்கும் மங்கு கழுவிய எங்கள் அம்மா தலைமுறை இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘மனசைத் தளர விடாதே’ என்பார்கள். பிடிக்காத ஆளாக இருந்தால் ‘அவன் போக்கு சரியில்லை’ என்பார்கள். இரண்டிலும் மனம் எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது வந்துவிடுகிறது. நேர்மறை சிலைடு வழக்கு, பேனர் வழக்கு. பத்திரிகைத் தலைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கெல்லாம் நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. ஆனால் சபைக்குள் அதற்குத் தேவையே இல்லை.

ஏனென்றால் தமிழ் வேதாகமத்தில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. பிலிப்பியர் 2:5ஐ எடுங்கள்: “கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது.” 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு இதே இடத்தில் ‘மனநிலை’ என்கிறது. அதுவும் சரிதான், ஆனால் மனநிலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சிந்தைக்கு ஒரு திசை உண்டு. கிரேக்கத்தில் இங்கே நிற்கும் ‘ஃப்ரொனெயின்’ என்ற வினை பவுல் எழுதிய அந்தச் சின்ன நிருபத்தில், அதாவது கடிதத்தில், பத்துத் தடவையாவது வருகிறது. அதில் ஒன்று 4:2. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் ஏதோ மனத்தாங்கல். ‘ஒரே சிந்தையாயிருக்க’ என்று பவுல் இருவருக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்கிறார். நேர்மறையாக இருங்கள் என்றால் ஆளுக்கொரு மூலையில் சிரித்துக்கொண்டு இருந்துவிடலாம். ஒரே சிந்தை என்றால் அந்த அம்மா இந்த அம்மா வீட்டுக்கு நடந்து போயாக வேண்டும்.

சிந்தை வடசொல் வேர் என்று தனித்தமிழ் நண்பர்கள் முறைப்பார்கள். திருவாசகத்திலேயே இடம் பிடித்த சொல்லை இனி எங்கே விரட்டுவது? நேர்மறை பச்சைத் தமிழ்தான், ஆனால் குப்புற விழுந்து கிடக்கிறது. சுத்தமா தெளிவா என்று கேட்டால் நான் தெளிவின் பக்கம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இலக்கணப்படி மறை என்பது மறுப்பு. அவர் காதில் விழுந்தது மறைப்பு. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதுதான் சரி. அழுகையை மறை, பயத்தை மறை, நாளைக்கு டயாலிசிஸ் சென்டருக்கு யார் காரில் போவது என்ற கவலையை மறை. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் மூவரும் 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இதையெல்லாம் இளைஞர் முகாம் பொறுப்பாளரிடம் சொல்லி, பேனருக்கு ‘ஒரே சிந்தை’ என்று எழுதியும் கொடுத்தேன். “அங்கிள், ஈப்போவில் அடிச்சாச்சு” என்று விரித்துக் காட்டினார். நல்ல நீல நிறம். பெரிய எழுத்தில் ‘நேர்மரை’ என்று இருந்தது. மரை என்றால் திருகாணிப் புரி. சரி, மறுப்பாவது போயிற்று.