உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் மைதானத்துக்கு வெளியே கவனிக்க வேண்டியவை

சான்றிதழ் சரிபார்ப்பு மையம் ஒன்றின் வாசலில், வேப்ப மரத்தடியில் ஒரு பெண் தன் கோப்பைப் பிரித்துத் தாள்களை மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கபடியில் மாநில அளவில் ஆடியவர், எம்.பி.எட். என்ற உடற்கல்வி முதுநிலைப் பட்டம் முடித்தவர், உடற்கல்வி இயக்குநர் பதவிக்கான எழுத்துத் தேர்வில் அழைப்பு வரும் அளவுக்கு மதிப்பெண் எடுத்தவர். அவரிடம் இல்லாதது ஒரே ஒரு தாள்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தார் என்று தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதித் தர வேண்டிய சான்று அது. அந்தப் பள்ளியோ பிள்ளைகள் சேராமல் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மேசைக்கு அப்பால் இருந்தவர் "வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை. உரிய நாளுக்குள் தாள் வரவில்லை. தமிழ்வழி ஒதுக்கீட்டில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் கைநழுவியது. பொதுத் தரவரிசையில் அந்த மதிப்பெண் போதவில்லை.

அவரைப் போன்றவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பயிற்சிக்கும் பாடத்துக்கும் வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் கோப்புக்கு வழிகாட்டுபவர் அநேகமாக இல்லை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நாம் பி.டி. ஆசிரியர் என்று அழைப்பவர் உடற்கல்வி ஆசிரியர்; அவருக்கு மேலே உடற்கல்வி இயக்குநர் நிலை இரண்டு, அதற்கு மேலே மேல்நிலைப் பள்ளிகளுக்குரிய நிலை ஒன்று. நேரடி நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக நடக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு 20,600 ரூபாயில் தொடங்கும் ஊதிய நிலையும், நிலை ஒன்று இயக்குநருக்கு முதுகலை ஆசிரியர்களுக்கு இணையாக 36,900 ரூபாயில் தொடங்கும் நிலையும் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் உடற்கல்விக்கு நடத்தப்படுவதில்லை என்பதால், "டெட் பாஸ் செய்து தருகிறோம், பி.டி. வேலை உறுதி" என்று பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முதல் பள்ளம் கல்லூரியில் சேரும் நாளிலேயே தோண்டப்படுகிறது. டி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டயம், பி.பி.எட். என்ற இளநிலைப் பட்டம், எம்.பி.எட். என்ற முதுநிலைப் பட்டம் ஆகிய மூன்றுக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் கட்டாயம். 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்குப் பிறகு மூன்றும் இரண்டாண்டுப் படிப்புகள். ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள் வகுப்பு நடக்க வேண்டும் என்றும், வாரத்துக்கு 36 மணி நேரம் கல்லூரி இயங்க வேண்டும் என்றும் அதே விதிமுறைகள் கூறுகின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும், தேர்வுக்கு வந்தால் போதும், தொலைநிலையில் பி.பி.எட். தருகிறோம், ஓராண்டில் முடித்துத் தருகிறோம் என்று வரும் துண்டறிக்கைகள் எந்த ஊரிலிருந்து வந்தாலும், அவை தருவது பட்டம் அல்ல, பட்டம் போன்ற ஒரு காகிதம். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களின் பெயரால் இங்கே தரகர்கள் வாங்கித் தரும் பட்டங்கள் பல, சரிபார்ப்பு மேசையில் உண்மைத் தன்மை கேட்டுக் கடிதம் போனதும் விழுந்துவிடுகின்றன. அதுவரை செலவான ஒன்றரை லட்சத்தையும் இரண்டு லட்சத்தையும் எவரும் திருப்பித் தருவதில்லை.

அங்கீகாரம் கல்லூரிக்கு ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத கல்லூரிகளின் அங்கீகாரத்தைக் குழுமம் அண்மை ஆண்டுகளில் திரும்பப் பெற்றிருக்கிறது. எனவே குழுமத்தின் இணையதளத்தில் கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேர்க்கை நாளின் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பி.எட்.டுக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு பி.பி.எட்.டுக்கும் ஆள் சேர்க்கிற இடங்கள் இருப்பதால், படிப்பின் பெயரைப் பார்ப்பது கல்லூரியின் பெயரைப் பார்ப்பதைவிட முக்கியம். சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், 1920இல் தொடங்கப்பட்ட நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரி போன்ற பழைய இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே சேர்வதற்கு உடல்திறன் தேர்வில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

பி.பி.எட். சேர்க்கைக்கு ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 விழுக்காடும், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கலந்துகொண்ட சான்றும் வேண்டும் என்பது பொது விதி. மாநில, தேசிய அளவில் ஆடியவர்களுக்கும் பட்டத்தில் உடற்கல்வியைப் பாடமாகப் படித்தவர்களுக்கும் 45 விழுக்காடு போதும். இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, 49.6 என்பதை 50 என்று எடுத்துக்கொள்வார்கள் எனக் கல்லூரி அலுவலகம் வாய்மொழியாகச் சொல்வதை நம்புவது. சேர்த்துக்கொண்டவர் பின்னால் சரிபார்ப்பு மேசையில் உங்களுக்காக வந்து நிற்க மாட்டார். மற்றொன்று, விளையாட்டுச் சான்று. ஊர்த் திருவிழாப் போட்டியில் வாங்கிய கோப்பையும், தனியார் அகாடமி அச்சடித்துத் தந்த வண்ணச் சான்றும் வீட்டு அலமாரிக்கு அழகு, சேர்க்கைக்கு உதவா. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி, அங்கீகாரம் பெற்ற மாநிலச் சங்கம் ஆகியவற்றின் சான்றே செல்லும். ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கங்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்களில், எந்தச் சங்கத்தின் முத்திரை செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுவிட்டு ஆடப் போவது நல்லது. சான்றுகளை லேமினேட் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் ஒப்பமும் முத்திரையும் வாங்க வேண்டி வரும் நாளில் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துத் தாளையும் சேர்த்துக் கிழித்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

படிப்பின் வரிசையும் ஒரு பொறி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குத் தகுதியாகாது என்று 2009ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று சொல்கிறது. இடையில் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய், பிறகு பட்டம் வாங்கி, அதற்கும் பிறகு பி.பி.எட். முடித்தவர்கள் இந்த ஆணையைச் சரிபார்ப்பு நாளில்தான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். அதேபோல் பி.பி.எட். படிக்கும் ஆண்டிலேயே வேறொரு பட்டத்தையும் சேர்த்துப் படித்து, இரண்டின் தேதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி கோப்பை வைத்திருப்பவர்களுக்கும் கேள்வி உறுதி. விதி இப்போது தளர்ந்திருக்கிறது என்று வாதாடலாம்; வாதாடி முடிப்பதற்குள் பட்டியல் வெளியாகிவிடும்.

தேதியைப் பற்றி இன்னொன்று. தேர்வு அறிவிக்கை வெளியாகும் நாளில் கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும். தேர்வு எழுதியாயிற்று, முடிவு வர வேண்டியதுதான் பாக்கி என்பது தகுதி ஆகாது. அறிவிக்கை எப்போது வரும் என்று தெரியாத துறை இது என்பதால், தேர்ச்சி பெற்ற வாரமே தற்காலிகப் பட்டச் சான்றைக் கேட்டு வாங்கி, அதில் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இனி, வேப்ப மரத்தடிக்கு வருகிறேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. தொடக்கத்தில் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதியைத் தமிழ்வழியில் படித்திருந்தால் போதும் என்றிருந்தது; 2020ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்து அந்தத் தகுதி வரை எல்லா நிலைகளிலும் தமிழ்வழி என்றாயிற்று. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆங்கிலவழியில் பள்ளியை முடித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் தமிழில் படித்தவர்கள் அந்த இடங்களை எடுத்துச் செல்வதைத் தடுக்கத்தான் திருத்தம் வந்தது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை முழுவதையும் விண்ணப்பதாரரின் தலையில் ஏற்றிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் பயிற்றுமொழி தமிழ் என்று அச்சிட்டே இருக்கிறது, அதைக் கொடுத்ததும் அரசுப் பள்ளிதான். ஆயினும் அதே அரசின் இன்னோர் அலுவலகத்துக்குத் தனிப் படிவத்தில், படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும், தனித்தனி ஒப்பத்துடன் அதையே மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே இதை அறிவிக்கைக்குப் பிறகு தொடங்கக் கூடாது. பி.பி.எட். முதலாண்டு விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும்போதே, படித்த பள்ளிகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றிலும் சேர்க்கைப் பதிவேட்டில் தன் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். சேர்க்கை எண் தெரிந்திருந்தால் தலைமையாசிரியர் தேடுவதற்கு அலுக்க மாட்டார். "பத்து வருஷத்துக்கு முன்னால படிச்சேன் சார்" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் வரச் சொல்லுவார், அடுத்த வாரம் அவர் பயிற்சிக்குப் போயிருப்பார். பள்ளி மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ இருந்தால், பதிவேடுகள் எங்கே ஒப்படைக்கப்பட்டன என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிவிட வேண்டும். முத்திரை இல்லாத மனு கொடுக்கப்படாத மனுவுக்குச் சமம். கல்லூரி நிலையில் இன்னும் கவனம் தேவை: வகுப்பு ஆங்கிலவழியில் பதிவாகியிருக்க, தேர்வை மட்டும் தமிழில் எழுதியிருந்தால் அது தமிழ்வழி ஆகாது. நம்முடைய உடற்கல்விக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதுகிறார்கள், ஆவணத்தில் மட்டும் பயிற்றுமொழி ஆங்கிலம். சேரும்போதே கேட்டால் பதில் கிடைக்கும். முடித்த பிறகு கேட்டால் கிடைப்பது அனுதாபம்.

சாதிச் சான்றில் திருமணமான பெண்கள் ஏமாறுகிறார்கள். கணவர் பெயரில் வாங்கிய சான்று செல்லாது. தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். ஒன்றிய அரசுப் பணிக்குத் தரும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றை மாநிலப் பணிக்குக் கொடுத்துவிட்டுப் பொதுப் பிரிவில் எண்ணப்பட்டவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு தலைப்பெழுத்தும் பட்டத்தில் இன்னொன்றும் இருந்தால், படிக்கும் காலத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இப்போது பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். 2017இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் பாடங்களுக்கான சிறப்பாசிரியர்கள் 1,325 பேருக்கு, அதில் உடற்கல்விக்கு மட்டும் 663 பேருக்கு, அறிவிக்கை வந்தபோது எழுத்துத் தேர்வுக்கு 95 மதிப்பெண், பதிவு மூப்புக்கு, அதாவது பதிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதற்கு, 5 மதிப்பெண் என்று வைத்தார்கள். அரை மதிப்பெண்ணில் தரவரிசை மாறும் தேர்வில் ஐந்து என்பது பெரிய தொகை. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும், பி.பி.எட். முடித்தும் அந்தத் தகுதியைக் கூடுதலாகப் பதியாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பதிவை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வருபவர்களுக்கும் பலன் இல்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் காத்திருக்க வேண்டும், ஏனெனில் இது ஆண்டுதோறும் நடக்கும் தேர்வு அன்று. 2017 அறிவிக்கையில் தேர்வானவர்களில் பலர் வழக்குகள் முடியக் காத்திருந்துதான் பள்ளிக்குள் போனார்கள். இந்தக் காத்திருப்பில்தான் இரண்டு வலைகள் விரிக்கப்படுகின்றன. முதலாவது பகுதிநேரப் பணி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிக்கு உடல்நலம் மற்றும் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னதை ஒட்டி, 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16,549 பேரை வாரத்துக்கு மூன்று அரை நாள்கள், மாதம் 5,000 ரூபாய் என்ற கணக்கில் எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அது 12,500ஐத் தொட்டது; மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்ற வழக்கம் அப்படியே தொடர்ந்தது. நிரந்தரம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் நுழைந்தவர்கள் போராட்டப் பந்தலில் தலை நரைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படியொரு வேலை கிடைத்தால் செய்யலாம், ஆனால் அதை முழுநேர வேலைக்கு முந்தைய படி என்று எண்ணிப் படிப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இரண்டாவது, அரசு உதவி பெறும் பள்ளி. நியமிப்பது நிர்வாகம், ஊதியம் தருவது அரசு, இடையில் கல்வித் துறையின் நியமன ஒப்புதல். நிர்வாகம் பல லட்சம் "நன்கொடை" வாங்கிக்கொண்டு ஆணை கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, உபரி என்று கணக்கிடப்பட்டதா என்பது அலுவலகத்தில் கோப்பாகக் கிடக்கும். மைதானத்தில் நான்கைந்து ஆண்டுகள் விசில் ஊதியும் ஒரு மாத அரசு ஊதியம் கூடப் பார்க்காதவர்கள் உண்டு. பணம் பேசுவதே தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும்; ஆணையை வாங்கும் முன் பள்ளிக்கு எத்தனை பணியிடம் என்று துறை கணக்கிட்டுத் தரும் கடைசிப் பணியாளர் நிர்ணயத்தின் நகலைப் பார்க்க வேண்டும். நிர்வாகம் காட்ட மறுத்தால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அந்தப் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட உடற்கல்விப் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒப்புதலுக்கு நிலுவையில் இருப்பவை எத்தனை என்று கேட்டால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத, மனுவின் நகலும் தபால் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.